உப்புத்தண்ணீர் பேட்டரி செய்ய வீட்டில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று அறிவித்த மறுநாளே பெற்றோர்கள் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. ஆயத்தப் பெட்டியாக வாங்கினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். அதனால் வீட்டிலும் தெருமுனைக் கடைகளிலும் கிடைப்பதை வைத்தே இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும்?

ஒன்றுக்கொன்று வேறான இரண்டு உலோகங்கள், உப்புத்தண்ணீர், அதை ஊற்ற உலோகமல்லாத கப், இணைக்க ஒயர். இவ்வளவுதான். ஒரு உலோகத்துக்குப் பதிலாகக் கரியையும் வைக்கலாம்.

இத்தாலிக்காரர் அலெசாண்ட்ரோ வோல்டா 1800-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் உலகின் முதல் பேட்டரியை விவரித்தார். அதில் இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று, உலோக வட்டுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் மாறி மாறி அடுக்கிய தூண். மற்றொன்று, வரிசையாகக் கோப்பைகளை வைத்து, அவற்றில் உப்புநீர் ஊற்றி, ஒரு கோப்பையிலிருந்து அடுத்ததற்கு உலோகப் பட்டையை வளைத்து இறக்கியது. உங்கள் பிள்ளை செய்யப்போவது இந்த இரண்டாவது வடிவம். பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

உப்பிலிருந்துதானே மின்சாரம் வருகிறது?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பெரும்பாலான கண்காட்சி அட்டைகளில் "உப்பிலிருந்து மின்சாரம்" என்றுதான் எழுதியிருக்கிறது. அது தவறு.

ஆற்றல் வருவது உலோகத்திலிருந்து. துத்தநாகமும் செம்பும் வைத்தால் துத்தநாகம் மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. கரையும் ஒவ்வொரு அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுச் செல்கிறது. அந்த எலக்ட்ரான்கள் ஒயர் வழியாக, விளக்கைத் தாண்டி, செம்புக்குப் போகின்றன. அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. உப்பின் வேலை, தண்ணீருக்குள் மின்னூட்டம் நகர வழி விடுவது. உப்பு தீர்ந்துபோவதில்லை. துத்தநாகம்தான் தீரும்.

இதைப் பிள்ளைக்குக் காட்ட எளிய வழி உண்டு. அதே கப், அதே உப்புத்தண்ணீர், ஆனால் இரண்டு பக்கமும் செம்புக் கம்பி. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கருவி கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். ஒரு கம்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துத்தநாகத் தகட்டை வைத்தால் உடனே 0.7 அல்லது 0.8 வோல்ட் வரும். எது மாறியது, எது மாறவில்லை என்று கேளுங்கள். பதிலைப் பிள்ளையே சொல்லிவிடும்.

எவ்வளவு துத்தநாகம் கரையும் என்று கணக்கும் போடலாம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓட 1.22 கிராம் துத்தநாகம் வேண்டும். ஒரு சின்ன எல்இடி ஒரு மில்லி ஆம்பியரில் 100 மணி நேரம் எரிந்தால் ஒவ்வொரு கப்பிலும் சுமார் 0.12 கிராம்தான் செலவு. உப்புத்தண்ணீரில் சும்மா அரித்துப்போவது தனிக் கணக்கு.

துத்தநாகத்துக்கு எங்கே போவது?

வீட்டில் தனித் துத்தநாகம் இருக்காது. ஆனால் துத்தநாகம் பூசிய இரும்பு எங்கும் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் "ஜிஐ" என்று கேட்டால் போதும்: ஜிஐ ஆணி, ஜிஐ வாஷர், துணி காயப்போடக் கட்டும் ஜிஐ கம்பி. பழைய வாளி, கூரைக்குப் போட்டு மிஞ்சிய தகரம் ஆகியவையும் பயன்படும். புதிய ஜிஐ தகட்டின் மேல் பனிப்பூப் போலச் சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும். அதுதான் துத்தநாகப் பூச்சு.

கட்டட வேலையில் கம்பி கட்டும் கறுப்புக் கட்டுக்கம்பியை எடுத்துவிடாதீர்கள். அதில் பூச்சு இல்லை, வெறும் இரும்பு. வண்ணம் பூசிய கூரைத் தகடும் ஆகாது. பெயின்ட் தண்ணீரைத் தொட விடாது.

கிடைத்தவற்றில் எனக்குப் பிடித்தது தகடுதான். ஆணியை விடத் தண்ணீரைத் தொடும் பரப்பு அதிகம் என்பதால் மின்னோட்டம் கூடும். இரண்டு விரல் அகலத்தில் பட்டைகளாகத் தகரக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பு கத்தி போல் கிழிக்கும். பெரியவர்கள் அரத்தால் தேய்த்துவிட்டு, கையில் பிடிக்கும் பகுதிக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: ஜிஐ பொருளை உப்புத்தாளால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பூச்சு மெல்லியது, தேய்த்தால் போய்விடும். சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தால் போதும். சில நாள் ஓடிய பிறகு பழுப்புத் துரு தெரிந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் தீர்ந்து இரும்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். வோல்ட்டும் இறங்கியிருக்கும். பட்டையை மாற்றுங்கள்.

செம்பு?

செம்பு கிடைப்பது சுலபம். வீட்டில் ஒயரிங் செய்தபோது மிஞ்சிய 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் துண்டுகள் எங்காவது டப்பாவில் கிடக்கும். மேல் உறையைச் சீவி, உள்ளே இருக்கும் கம்பியை ஒரு பென்சிலில் சுற்றிச் சுருள் ஆக்குங்கள். நேராக நிற்கும் கம்பியை விடச் சுருள் அதிகப் பரப்பைத் தண்ணீருக்குக் காட்டும்.

மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டால் துண்டுக் கம்பி சும்மாவே தருவார்கள். அதன் மேல் பளபளப்பான வார்னிஷ் பூச்சு இருக்கும், கண்ணுக்குச் செம்பு போலவே தெரியும். அதை உப்புத்தாளால் முழுக்கச் சுரண்டி எடுக்காவிட்டால் ஒரு துளி மின்சாரமும் வராது.

கறுத்துப்போன செம்பைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் புதிதாகிவிடும். பாட்டிமார் பாத்திரம் துலக்கும் அதே முறைதான்.

பூஜைச் சொம்பு, ஒரு ரூபாய் நாணயம் இதெல்லாம் ஆகுமா?

சொம்பு வேலை செய்யும், ஆனால் வேண்டாம். உப்புத்தண்ணீர் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறினால் வீட்டில் வருத்தம்தான் மிச்சம். இப்போது புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு. அவற்றைச் செம்பாக நினைத்து வைத்தால் ஏமாற்றமாக இருக்கும். எவர்சில்வர் ஸ்பூனுக்கும் இதே பதில்: கொஞ்சம் வோல்ட் காட்டும், மின்னோட்டம் மிகக் குறைவு.

துத்தநாகமும் கிடைக்கவில்லை, நாளைக்கே காட்ட வேண்டும். சமையலறையில் இருப்பதை வைத்துச் செய்ய முடியுமா?

முடியும். அலுமினிய ஃபாயிலும் கரியும் போதும். செம்பு, துத்தநாகக் கப்பை விட இது பல நேரங்களில் வலுவாகவும் இருக்கும்.

ஃபாயிலை ஒரு தட்டின் மேல் விரியுங்கள். அதன் மேல் டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து, கெட்டியான உப்புத்தண்ணீரில் நனைத்து வையுங்கள். பேப்பரின் மேல் கரித்தூளை ஒரு விரல் கனத்துக்குக் குவித்து, அதையும் உப்புத்தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். உறை சீவிய செம்பு ஒயரின் நுனியைச் சுருட்டி, கரிக்குள் புதைத்து அழுத்துங்கள். கரியும் அந்த ஒயரும் ஃபாயிலை எங்கேயும் தொடக்கூடாது. ஃபாயில் மைனஸ், கரி பிளஸ்.

ஒரு அடுக்கு 0.6 முதல் 0.9 வோல்ட் வரை தரும். கரியை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு மின்னோட்டம் கூடும், ஏனென்றால் தூள்கள் ஒன்றையொன்று தொட்டால்தான் எலக்ட்ரான் உள்ளே போகும். கரியின் வேலை காற்றிலிருக்கும் ஆக்சிஜனுக்கு இடம் கொடுப்பது. அதனால் குவியலைத் தண்ணீரில் முழுக அடிக்கக் கூடாது. ஈரமாக இருக்க வேண்டும், காற்றும் புக வேண்டும்.

சில மணி நேரம் ஓடவிட்ட பிறகு ஃபாயிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல ஓட்டைகள் தெரியும். உலோகம் செலவானதைப் பிள்ளை கண்ணாலேயே பார்க்கும் இடம் இது. கண்காட்சியில் அந்த ஓட்டை ஃபாயிலையும் ஒரு அட்டையில் ஒட்டி வையுங்கள்.

ஹோட்டல் பார்சல் வரும் அலுமினியக் கிண்ணமும் ஆகும். குளிர்பான டின்னில் உள்ளும் புறமும் பூச்சு இருக்கிறது. நன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும்.

எந்தக் கரி நல்லது?

மீன்தொட்டிக் கடையில் வடிகட்டிக்காக விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன்தான் முதல் தேர்வு. சென்னையில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். மற்ற ஊர்களிலும் மீன்தொட்டி விற்கும் கடை இருந்தால் அங்கே கேளுங்கள். அடுத்தது, இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கும் கரி. கொட்டாங்குச்சிக் கரியும் நன்றாக வெந்திருந்தால் சரி.

அரைகுறையாக வெந்த விறகுக் கரியில் மின்சாரம் ஓடாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளையும் கரித்துண்டின் மேல் அழுத்திப் பாருங்கள். மீட்டர் அசையவே இல்லையென்றால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். கரியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் தூள் பறக்காது.

பென்சில் முனையும் கார்பன்தான். இரு முனையும் சீவிய பென்சில் வோல்ட் காட்டும். மெல்லியதாக இருப்பதால் விளக்கெரிக்கப் போதாது.

பழைய டார்ச் பேட்டரியை உடைத்துக் கார்பன் கம்பியை எடுக்கலாமா?

வேண்டாம். முன்பு பல வீடுகளில் செய்ததுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் இன்று கையில் கிடைக்கும் பேட்டரிகளில் பல அல்கலைன் வகை. அதனுள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் பொசுக்கும். மொபைல், பவர்பேங்க் ஆகியவற்றின் லித்தியம் பேட்டரியைக் குத்தினாலே தீப்பிடிக்கும். எது எந்த வகை என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரு கார்பன் கம்பிக்காக அந்தப் பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

எந்த உப்பு, எவ்வளவு?

கல் உப்பு, தூள் உப்பு இரண்டும் ஒன்றுதான். கடையில் வாங்கும் உப்பில் அயோடின் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கிறது. பேட்டரிக்கு அது பொருட்டே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கரையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் சீக்கிரம் கரையும். கடலோரத்தில் இருப்பவர்கள் கடல்தண்ணீரையே எடுத்து வரலாம், அதில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு.

உப்பை மேலும் மேலும் கொட்டினால் வோல்ட் ஏறாது. வோல்ட்டைப் பெரும்பாலும் முடிவு செய்வது எந்த உலோகங்கள் என்பதே.

கப் எப்படி இருக்க வேண்டும்?

பிளாஸ்டிக், கண்ணாடி, பீங்கான் எதுவும் சரி. தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டியும் எடுக்கலாம், உள்ளே நடப்பது வெளியே தெரியும். எவர்சில்வர் டம்ளர் மட்டும் கூடாது.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். ஒரு பெரிய டப்பாவில் உப்புத்தண்ணீர் ஊற்றி, அதற்குள்ளேயே நாலு ஜோடித் தகடுகளையும் இறக்கி, ஒரு ஜோடியின் செம்பை அடுத்த ஜோடியின் துத்தநாகத்தோடு சேர்த்துத் தொடராக இணைத்துவிட்டு, "ஏன் ஒரு ஜோடிக்கான வோல்ட்தான் வருகிறது?" என்கிறார்கள். தண்ணீர் எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கப், தனித் தண்ணீர் வேண்டும். ஐஸ் ட்ரேயில் செய்பவர்கள் குழிகளுக்கு நடுவே தண்ணீர் வழிந்து நிற்காமல் துடைத்துவிடுங்கள்.

ஒயருக்கும் கிளிப்புக்கும்?

சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் முதலை கிளிப் வைத்த ஒயர் கட்டாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தூக்கிப் போட வைத்திருக்கும் சார்ஜர் ஒயரை வெட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய ஒயர்களை எடுங்கள். தகட்டின் மேல் ஒயரை வைத்துத் துணி கிளிப்பால் கவ்வச் செய்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இணைப்பு தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். உப்புநீர் பட்ட இணைப்பு ஒரே நாளில் பச்சை பூத்துவிடும்.

எந்த விளக்கு எரியும்?

சிவப்பு எல்இடி. அதற்குச் சுமார் 1.8 வோல்ட் போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். பழைய டார்ச் குண்டுபல்பு வேண்டவே வேண்டாம், அது கேட்கும் மின்னோட்டத்தை இந்தக் கப்புகளால் தர முடியாது.

தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ வாங்கிப் பழுதான சீரியல் செட்டிலிருந்து சிவப்பு விளக்கை வெட்டி எடுக்கலாம். பிளக்கை முதலில் வெட்டி எறிந்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். புதிய எல்இடியில் நீளமான கால் பிளஸ் பக்கம், அதாவது செம்பு அல்லது கரி பக்கம். கால் மாறினால் எரியாது, கெட்டும் போகாது.

செம்பும் துத்தநாகமும் என்றால் மூன்று கப் தொடராக வைத்தால் மங்கலாக எரியும், நாலு வைத்தால் தைரியமாகக் காட்டலாம். பகல் வெளிச்சத்தில் தெரியாவிட்டால் அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள்.

விளக்கை விட நான் பரிந்துரைப்பது எண் காட்டும் சின்ன மேசைக் கடிகாரம். ஒரு பென்டார்ச் பேட்டரியில் ஓடும் கடிகாரம் என்றால் இரண்டு கப், தேவைப்பட்டால் மூன்று. மிகக் குறைந்த மின்னோட்டமே எடுப்பதால் கண்காட்சி முடியும்வரை நிற்காமல் ஓடும். பார்ப்பவர்களும் நின்று பார்ப்பார்கள்.

எல்லாம் செய்தும் எரியவில்லை. எங்கே தேடுவது?

எல்லாவற்றையும் பிரித்துப் போடாதீர்கள். கப் கப்பாக அளந்து பாருங்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை 2000 மில்லிவோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு கப்பும் 0.6 வோல்ட்டுக்கு, அதாவது மீட்டரில் 600-க்கு, மேல் தருகிறதா என்று பாருங்கள். ஒரு கப் மட்டும் பூஜ்யம் என்றால் அதில் இரண்டு உலோகங்களும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மீட்டர் மைனஸ் குறி காட்டினால் அந்தக் கப்பை மட்டும் திருப்பி இணைத்திருக்கிறீர்கள். எல்லாக் கப்பும் சரி, மொத்தமும் சரி, ஆனாலும் விளக்கு இல்லை என்றால் எல்இடியின் காலை மாற்றுங்கள். அப்படியும் இல்லையென்றால் மின்னோட்டம் போதவில்லை. தகடுகளை இன்னும் ஆழமாக இறக்குங்கள், பெரிய தகடாக மாற்றுங்கள்.

முதலில் பிரகாசமாக எரிந்து பிறகு மங்குவது ஏன்?

செம்பைச் சுற்றியுள்ள தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் செலவாகிவிட்டது. தண்ணீரை ஒரு ஸ்பூனால் கலக்கிவிட்டாலோ செம்பைத் தூக்கி மறுபடி இறக்கினாலோ உடனே கொஞ்சம் தேறும். இதையே ஒரு சோதனையாகச் செய்து, கலக்குவதற்கு முன்னும் பின்னும் மீட்டர் காட்டும் எண்ணைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும். அலுமினியத்தில் வெள்ளைக் கூழ் படிந்தால் கழுவிவிட்டுப் புது உப்புத்தண்ணீர் ஊற்றுங்கள்.

உப்புநீரில் எரியும் விளக்கு நிஜமாகவே விற்பனைக்கு இருக்கிறதாமே?

இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாகர் அன்வேஷிகா ஆய்வுக் கப்பலில் வைத்து, 2022 ஆகஸ்ட் மாதம் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் 'ரோஷ்னி' என்ற உப்புநீர் எல்இடி விளக்கை அறிமுகப்படுத்தினார். கடல்நீரை ஊற்றினால் எரியும் விளக்கு. மீனவர் குடும்பங்களை மனதில் வைத்துச் செய்தது.

கடைகளில் வரும் இத்தகைய உப்புநீர் விளக்குகளில் பெரும்பாலும் மெக்னீசியத் தகடு இருக்கும். அது துத்தநாகத்தை விட அதிக வோல்ட் தரும். அங்கும் தகடு தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். வீட்டில் மெக்னீசியம் வேண்டுமென்றால் கீசர் மெக்கானிக்கைக் கேளுங்கள். சேமிப்புத் தொட்டி உள்ள கீசர்கள் பலவற்றில் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மெக்னீசியக் கம்பி வைத்திருப்பார்கள். தேய்ந்ததால் கழற்றிப் போட்ட கம்பியில் மிஞ்சிய துண்டு ஒரு பிள்ளையின் பேட்டரிக்குத் தாராளம். அதை நெருப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

இந்தத் துறையில் பிள்ளைக்கு ஆர்வம் பிறந்தால் காரைக்குடியைப் பற்றிச் சொல்லுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே வந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறக்கப்பட்டது. இன்றும் பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது.

இதில் ஆபத்து ஏதாவது உண்டா?

இந்தக் கப்புகள் தரும் மின்சாரத்தால் ஷாக் அடிக்காது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "சார்ஜ் ஏறட்டும்" என்று அடாப்டரையோ 9 வோல்ட் பேட்டரியையோ உப்புத்தண்ணீரில் இணைத்துவிடக் கூடாது. வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தினால் உப்பிலிருந்து குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது நுரையீரலைத் தாக்கும். இது சார்ஜ் ஏற்றும் பேட்டரி அல்ல. வீட்டு பிளக் பாயின்ட் இந்தச் செய்முறையில் எங்குமே வரக்கூடாது.

முடிந்த பிறகு தண்ணீரையும் தகடுகளையும் என்ன செய்வது?

தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுங்கள். செடிக்கு ஊற்றினால் உப்பு செடியைக் கொன்றுவிடும். மாடும் நாயும் குடிக்கிற இடத்திலும் வைக்காதீர்கள், துத்தநாகம் கரைந்த தண்ணீர் அது. பயன்படுத்திய கப்புகளும் ஸ்பூனும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. செம்பைக் கழுவிக் காயவைத்தால் அடுத்த வருடமும் ஆகும். ஜிஐ பட்டைகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பயன்படுத்தாத புதுப்பட்டையின் பக்கத்தில் அட்டையில் ஒட்டி, "முன்", "பின்" என்று எழுதச் சொல்லுங்கள்.